ரத்தம் எட்டாத மூளையும் ஸ்டெம் செல் வைத்தியமும்

சுவிட்சர்லாந்தின் வட எல்லையில், ரைன் நதிக்கரையில் உள்ள ஷாஃப்ஹௌசன் நகரத்தில் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகர வைத்தியராக இருந்த யோஹான் யாகோப் வெப்ஃபர் என்பவர், திடீரென்று நினைவிழந்து விழுந்து மாண்டவர்களின் சடலங்களை அறுத்துப் பார்க்கும் அனுமதியைப் பெற்று, அவர்களுடைய மண்டையோட்டைத் திறந்து, மூளையையும் அதற்குள் செல்லும் நாளங்களையும் பொறுமையாக ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1658-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதுவரையில் ஐரோப்பிய வைத்தியர்கள், கிரேக்கர் காலத்திலிருந்து வழிவழியாக வந்த சித்தாந்தத்தை நம்பி, கபம் போன்ற ஏதோ ஒரு நீர் மூளையின் அறைகளை அடைத்துக்கொள்வதனாலேயே மனிதன் இப்படி இடிவிழுந்தாற்போல் சாய்கிறான் என்று சொல்லிவந்தார்கள். வெப்ஃபர் கண்டதோ வேறு. சிலருடைய மூளைக்குள் ரத்தம் கொட்டி உறைந்திருந்தது; ரத்தம் மூளைக்குச் சென்று சேராதபடி வழியில் தடைப்படுவதும் இந்த நோய்க்குக் காரணமாகலாம் என்று அவர் எழுதினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்ஃபர்டில் தாமஸ் வில்லிஸ், மூளையின் அடிப்பாகத்தில் நாளங்கள் ஒன்றோடொன்று கைகோத்து வட்டமாக நிற்பதை விவரித்தபோது, அந்த நூலுக்குச் சித்திரம் வரைந்து உதவியவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டஃபர் ரென். பக்கவாதம் என்று நாம் சொல்லும் வியாதி தேவதைகளின் கோபமும் அல்ல, கபத்தின் சேஷ்டையும் அல்ல, பெரும்பாலும் ரத்தம் எட்டாத குறையே என்ற அறிவு இப்படித்தான் பிறந்தது. காரணம் தெரிந்துவிட்டதே தவிர, அதற்கு என்ன செய்வது என்பது அடுத்த 300 ஆண்டுகளுக்கும் அனேகமாகத் தெரியாமலேயே இருந்தது.

மூளையின் சுபாவத்தை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. உடல் எடையில் 50-இல் ஒரு பங்குக்கு மேற்படாத இந்த உறுப்பு, உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. அப்படி இருந்தும், தசையையும் கல்லீரலையும் போல, நாளைக்கு வேண்டுமென்று எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. நூறு கிராம் மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். அது 20-க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. 10-க்கும் கீழே போனால் சில நிமிஷங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில், வேலை செய்யவும் மாட்டாமல், சாகவும் சாகாமல், மணிக்கணக்கில் கிடந்து தவிக்கும் ஒரு பகுதி உண்டு என்பதை 1970-களின் பிற்பகுதியில் லண்டனில் பபூன் குரங்குகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி காட்டியது. அந்தப் பகுதியைக் காப்பாற்றுவதையே நோக்கமாகக் கொண்டு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் ஏற்றினால் பலன் உண்டு என்று 1995-இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். அந்த நேரம் தப்பிவிட்டால்? கை கால் விழுந்துவிட்ட மனிதனை எண்ணெய் தேய்த்து உட்கார வைத்து, பிடித்து நடக்கப் பழக்கி, மிஞ்சியிருக்கும் மூளையைக் கொண்டு அவன் எவ்வளவு தேறுகிறானோ அவ்வளவோடு திருப்தி அடைவதைத் தவிர அப்போது வேறு வழி இருக்கவில்லை. ஸ்டெம் செல் வைத்தியத்தின் கதை, அந்த மூன்று மணி நேரத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருப்பவர்களின் கதை.

முதியவர்களுக்கு மட்டும் உரிய துன்பம் அன்று இது. பிரசவ அறையில் குழந்தை பிறந்தவுடன் வீறிட்டு அழுகிறதா என்றே எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நம் ஊர்களில், வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளையைப் பற்றி விசாரித்தால், "பிறந்தவுடன் அழவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் தாய் அதன் சரித்திரம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள். அந்த வாக்கியத்துக்கு வைத்திய சாஸ்திரத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர், லண்டனில் கோணல் கால்களை நிமிர்த்தும் சிகிச்சையில் பேர் பெற்றிருந்த வில்லியம் ஜான் லிட்டில். தாமே கோணல் காலோடு வாழ்ந்து, ஜெர்மனியில் சிகிச்சை பெற்றுக் குணமானவர் அவர். பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தைகள் பிற்காலத்தில் விறைத்த கைகால்களோடு வளர்வதைத் தொகுத்து, 1861-இல் லண்டன் பிரசவ வைத்தியர் சங்கத்தின் முன் அவர் சமர்ப்பித்தார். கனவுகளை ஆராய்ந்து புகழ்பெறுவதற்கு முன் குழந்தைகளின் நரம்பு நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட் 1897-இல் இதை முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. கடினமான பிரசவமே சில சமயங்களில் கருவிலேயே இருந்த கோளாற்றின் விளைவாக இருக்கலாம் என்று வாதாடினார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்பது இன்றைய அபிப்பிராயம்.

இனி, அழிந்த மூளை மறுபடி முளைக்குமா என்ற கேள்விக்கு வருவோம். ஸ்பெயின் தேசத்து மேதையான சந்தியாகோ ரமோன் இ காஹால், நரம்பு மண்டலத்தின் சிதைவையும் புத்துயிர்ப்பையும் பற்றி 1913, 1914-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில், வளர்ந்த மனிதனின் மூளையில் நரம்பு வழிகள் யாவும் முடிந்துபோனவை, மாற்ற முடியாதவை, அங்கே சாவு உண்டு, மறுபிறப்பு இல்லை என்ற கருத்தை எழுதினார். அதே இடத்தில், இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்ற முடிந்தால் மாற்றுவது வருங்கால விஞ்ஞானத்தின் பொறுப்பு என்றும் சேர்த்தே எழுதியிருந்தார். ஆனால் அவரைக் குருவாகக் கொண்டாடியவர்கள் முதற்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். ஐம்பது ஆண்டுக் காலம் இது வைத்தியக் கல்லூரிகளில் ஆட்சேபமின்றிப் போதிக்கப்பட்டது.

ஆட்சேபித்தவர் ஜோசஃப் ஆல்ட்மன். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய உபாயம் எளிமையும் அழகும் வாய்ந்தது. தைமிடின் என்ற பொருளைத் தன் மரபுப் பொருளைப் பெருக்கிக்கொள்ளும் உயிரணு மட்டுமே உள்ளே வாங்கிக்கொள்ளும். அதில் கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனைச் சேர்த்து எலிக்கு ஊசி போட்டு, சில நாட்களோ வாரங்களோ கழித்து, மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவி, அவற்றின்மீது புகைப்படப் பூச்சைப் பூசி இருட்டறையில் வைத்துவிட்டால், ஊசி போட்ட நாளில் பிறந்துகொண்டிருந்த உயிரணுக்களின் மேல் மட்டும் மிளகுப்பொடி தூவியது போன்ற கறுப்புப் புள்ளிகள் தோன்றும். வளர்ந்த எலியின் மூளையில் அந்தப் புள்ளிகள் இருந்தன. 1962-இல் அவர் அதை ஒரு கேள்வியாகத் தலைப்பிட்டு வெளியிட்டார். 1965-இல் கோபால் தாஸ் என்பவரோடு சேர்ந்து, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதை விரிவாகவே எழுதினார். உலகம் அதை மறுக்கக்கூட முன்வரவில்லை, கவனியாமல் இருந்துவிட்டது. மறுப்பைக் காட்டிலும் மோசமான வரவேற்பு அதுதான். இருவரும் பர்டூ சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து 1971-இல், நரம்பணுக்களாக ஆக வேண்டிய இளம் உயிரணுக்களை ஒரு எலிக்குட்டியிலிருந்து எடுத்து மற்றொன்றின் சிறுமூளையில் வைத்து, அவை பிழைத்திருப்பதையும் காட்டினார்கள். மூளையில் பிறப்பு உண்டு என்று சொன்னவர்களே, மூளையில் நடவும் முடியும் என்று காட்டிய முன்னோடிகளிலும் இருந்தார்கள் என்பதை இத்துறையின் சரித்திரத்தை எழுதுவோர் பலர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமாகத் தோன்றவில்லை.

ஸ்டெம் செல் என்ற கருத்து இதற்கிடையில் வேறொரு வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. கனடாவின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கலக் என்ற இருவர், கதிர்வீச்சினால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிகளுக்கு வேறு சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையை ஏற்றியபோது, அவற்றின் மண்ணீரலில் சிறுசிறு முண்டுகள் எழுவதைக் கண்டார்கள். ஒவ்வொரு முண்டும் ஒரே ஒரு மூல உயிரணுவின் சந்ததி என்றும், தன்னைத்தான் பெருக்கிக்கொள்ளவும் பல வகை ரத்த அணுக்களாக மாறவும் அதற்குச் சக்தி உண்டு என்றும் 1961 முதல் 1963 வரையில் வெளிவந்த கட்டுரைகள் தெளிவாக்கின. ரத்தத்துக்கு உள்ள இந்தப் பாக்கியம் மூளைக்கும் உண்டு என்பதை 1992-இல் அதே கனடாவில் கால்கரி நகரைச் சேர்ந்த ப்ரென்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும், வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெருக்கிக் காட்டி நிலைநாட்டினார்கள். 1998-இல் பீட்டர் எரிக்சனும் ஃப்ரெட் கேஜும், நோயின் தன்மையை அறிவதற்காக ஒரு குறியீட்டுப் பொருள் ஊசி மூலம் செலுத்தப்பெற்று, பின்னர் இறந்துபோன புற்றுநோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, மனிதனுக்கும் முதிர்ந்த வயதில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதாக அறிவித்தார்கள். (2018-இல் ஒரு குழுவினர் இல்லை என்றார்கள், அதே ஆண்டில் மற்றொரு குழுவினர் உண்டு என்றார்கள். வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.) ஸ்வீடனில் லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலியின் மூளை தானாகவே புதிய நரம்பணுக்களை உற்பத்தி செய்து சேதமான இடத்துக்கு அனுப்புவதைக் கண்டார்கள். ஆனால் அப்படிப் போனவற்றில் பெரும்பாலானவை மடிந்தன. இழந்த நரம்பணுக்களில் அவை ஈடுசெய்தது 0.2 சதவீதம் மட்டுமே. இயற்கைக்கு மனம் இருக்கிறது, கைதான் போதவில்லை என்று சொல்லும்படி இருந்தது அந்தக் கணக்கு. கையை நாம் கொடுப்போமே என்று வைத்தியர்கள் எண்ணியதில் தவறில்லை.

அப்படிக் கை கொடுக்கும் முயற்சி மனிதனிடத்தில் இதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. 1998-இல் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையின் மூளை அறுவை வைத்தியர் டக்ளஸ் கொண்ட்ஸியோல்கா, பக்கவாதத்தால் கைகால் முடங்கியவர்களுடைய மூளைக்குள் முதன்முதலாக ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்களைச் செலுத்தினார். அந்த உயிரணுக்களின் பூர்வோத்தரம் விசித்திரமானது. அவை ஒரு மனிதனுடைய விதைப்பையில் தோன்றிய புற்றுக்கட்டியின் சந்ததி. வைட்டமின் ஏ-யோடு உறவுள்ள ரெட்டினாயிக் அமிலத்தில் அவற்றைச் சில வாரங்கள் வளர்த்தால், கட்டுக்கடங்காமல் பெருகும் குணத்தைக் கைவிட்டு, நரம்பணுக்களாக மாறி, அதன்பின் பிளவுபடாமலே நின்றுவிடுகின்றன என்று கண்டிருந்தார்கள். கண்டிப்பாகச் சொன்னால், மூளைக்குள் போகும்போது அவை ஸ்டெம் செல்களே அல்ல. அந்த நிலையைக் கடந்து வந்தவை. புளோரிடாவில் சீசாரியோ போர்லோங்கன், பால் சான்பர்க் ஆகியோர் இவற்றைப் பக்கவாதம் கண்ட எலிகளின் மூளையில் வைத்தபோது, எலிகளின் நடமாட்டமும் நினைவும் தேறியிருந்தன.

பிட்ஸ்பர்க்கில் பன்னிருவருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. எல்லாருக்கும் பக்கவாதம் வந்து குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருந்தது. இனித் தானாகத் தேறுவதற்கில்லை என்று கைவிடப்பட்ட காலம் அது. நோயாளியின் தலையில் ஒரு சட்டத்தைத் திருகிப் பொருத்தி, சி.டி. படம் எடுத்து, மண்டைக்குள் எட்ட வேண்டிய இடத்தை நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்று அளவைகளால் கணக்கிட்டுக்கொண்டு, அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்படி மருந்து கொடுத்து, நோயாளி விழித்திருக்கையிலேயே மண்டையோட்டில் சிறு துளை இட்டு, அழிந்த பகுதியின் ஓரமாக மெல்லிய ஊசியை இறக்கினார்கள். உறைய வைக்கப்பட்டிருந்த உயிரணுக்களை அன்றே இளக்கி, அவற்றில் உயிரோடிருப்பவை எத்தனை என்று எண்ணிய பிறகு, சிலருக்கு 20 லட்சம், சிலருக்கு 60 லட்சம் என்று சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார்கள். அன்னியப் பொருளை உடல் தள்ளிவிடாமல் இருக்கச் சில வாரங்கள் சைக்ளோஸ்போரின் கொடுத்தார்கள். யாருக்கும் கெடுதல் நேரவில்லை; சிலருக்குச் சற்றுத் தேறுதல் காணப்பட்டது. ஒருவர் 27 மாதங்கள் கழித்து மாரடைப்பால் இறந்தபோது அவருடைய மூளையை ஆராய்ந்து பார்த்ததில், செலுத்திய உயிரணுக்களில் சில அங்கே இன்னும் பிழைத்திருந்தன. புற்றுக்கட்டி எதுவும் எழும்பவில்லை. புற்றிலிருந்து வந்தது மறுபடி புற்றாகாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனிதனின் தலைக்குள் குடியிருந்தது என்பது, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பூட்டிய செய்தி. ஆனால் அடுத்து 18 பேரைக் கொண்டு, நாலு பேருக்கு அணுச் செலுத்தாமல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எதிர்பார்த்த அளவுகோலில் தெளிவான வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. பன்றிக் கருவின் மூளையணுக்களைச் செலுத்திய மற்றொரு அமெரிக்க முயற்சியோ, ஐந்தாவது நோயாளியோடு அரசாங்கத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது.

2010 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கீத் மியூர் தலைமையில் தொடங்கிய முயற்சியில்தான் மெய்யான நரம்பு ஸ்டெம் செல்கள் பக்கவாத நோயாளியின் மூளையை முதலில் அடைந்தன. கருவின் மூளைப் புறணியிலிருந்து ஒரே முறை எடுத்து, வேண்டும்போது பெருகவும் வேண்டாதபோது அடங்கவும் மரபணு வழியாகப் பழக்கிய ஒரு வம்சம் அது. அறுபது வயதைக் கடந்த 11 ஆண்களுக்கு, 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். ஆபத்து இல்லை, சிறு முன்னேற்றம் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழுவினர் இல்லை. ஆகவே அந்த முன்னேற்றம் அணுவால் வந்ததா, ஆறு மாதமாக ஒருவரும் திரும்பிப் பாராத நோயாளியின் மேல் திடீரென்று விழுந்த கவனத்தால் வந்ததா என்று சொல்வதற்கில்லை. இதை நடத்திய நிறுவனம் பின்னர் பக்கவாத ஆராய்ச்சியையே கைவிட்டது.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு கற்பனை இருந்தது. பயிர் பட்டுப்போன பாத்தியில் நாற்றைக் கொண்டுபோய் நட்டால் அது வேர்விட்டுப் பழைய பயிரின் இடத்தை நிரப்பிவிடும் என்பதுதான் அது. நடவு செய்தவர்களே அந்தக் கற்பனையைப் பிற்பாடு சந்தேகிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் சாப் குழுவினர், பக்கவாதம் கண்ட எலிகளுக்கு எலும்பு மஜ்ஜையின் உயிரணுக்களை வால் நாளத்தின் வழியாக ஏற்றிப் பார்த்து, எலிகள் தேறுவதை 2001-இல் எழுதினார்கள். விசேஷம் என்னவென்றால், ஏற்றிய அணுக்களில் மிகச் சிலவே மூளையை எட்டின. எட்டியவற்றிலும் நரம்பணுவாக மாறியவை அதனினும் சில. நாளத்தில் ஏற்றியவற்றில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்ணிய குழாய்களிலேயே சிக்கிக்கொள்கிறது என்பதும் விரைவில் தெரியவந்தது. மூளையை எட்டாத அணு மூளையை எப்படித் தேற்றியது? நட்ட நாற்று விளையவில்லை. ஆனால் அது வந்த பிறகு பக்கத்தில் இருந்த பழைய பயிர் தழைத்தது. ஸ்டெம் செல்கள் வளர்ச்சியூட்டும் புரதங்களைச் சுரக்கின்றன, காயத்தைச் சுற்றிப் பொங்கும் அழற்சியை ஆற்றுகின்றன, புதிய ரத்த நாளங்கள் முளைக்கத் தூண்டுகின்றன, உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் நரம்பணுக்கள் மடியாமல் தாங்குகின்றன என்ற விளக்கம் அப்போதுதான் உருப்பெற்றது. என் அபிப்பிராயத்தில் இந்த வைத்தியத்தின் சரித்திரத்தில் நடந்த பெரிய திருப்பம் எந்த அறுவைச் சிகிச்சையும் அன்று, இந்த மனமாற்றமே. எந்த வேலைக்காக அணுவை அனுப்பினார்களோ அந்த வேலையை அது செய்யவில்லை. கேட்காத வேறொரு வேலையைச் செய்துவிட்டு மறைந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஆராய்ச்சியெல்லாம், அது செய்த அந்த வேலை என்ன என்று கண்டுபிடிப்பதாகவே ஆகிவிட்டது.

கருத்து மாறியதும் பிரயோகமும் மாறியது. மண்டையில் துளை இடாமல் கையின் நாளத்திலேயே ஏற்றலாம் என்றாகிவிட்டபடியால், நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கொண்டு பரிசோதிப்பது சாத்தியமாயிற்று. தென் கொரியாவில் 2005-இல் 30 நோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் ஐந்து பேருக்கு அவர்களுடைய மஜ்ஜையிலிருந்தே வளர்த்த அணுக்களை ஏற்றி, தேறுதல் காணப்படுவதாக எழுதினார்கள். அந்த நம்பிக்கையைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த பெருமை நம் நாட்டுக்கு உண்டு. டில்லியில் அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தின் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து, 120 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு அவர்களுடைய சொந்த மஜ்ஜை அணுக்களைச் சராசரி 28 கோடி வீதம் ஏற்றி, மற்றக் குழுவினரோடு ஒப்பிட்டார்கள். ஆபத்து இல்லை, பலனும் இல்லை. 2014-இல் வெளிவந்த அந்த முடிவை அவர்கள் மழுப்பாமல் வெளியிட்டார்கள். ஜப்பானில் 206 பேருக்கு, பக்கவாதம் கண்ட 18 மணி நேரத்துக்கு மேல் 36 மணி நேரத்துக்குள், வேறொருவர் மஜ்ஜையிலிருந்து பெருக்கிய அணுக்களை ஏற்றிச் செய்த பரிசோதனையும் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

தராசு இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, கடைவீதி வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இதைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. நிரூபணத்துக்கு முன்பே வியாபாரம் தொடங்கிய வைத்தியங்கள் வேறும் உண்டு. ஆனால் இவ்வளவு பகிரங்கமாக, தேசம் விட்டுத் தேசம் நோயாளிகளை இழுத்து நடந்தவை சிலவே. பக்கவாதத்துக்குப் பின் முழுக் குணத்தை நாடி, மெக்ஸிகோ, சீனா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் பெரும் பணம் செலவழித்துத் தண்டுவட நீரில் ஸ்டெம் செல்கள் செலுத்திக்கொண்ட ஒரு அமெரிக்கருடைய கதை 2016-இல் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. அவருடைய தண்டுவடத்தில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. அதன் மரபுப் பொருளைச் சோதித்ததில் அது அவருடையதே அன்று, செலுத்தப்பட்ட அன்னிய அணுக்களின் பெருக்கம் என்று தெரிந்தது. ஏற்கெனவே இருந்த நரம்பியல் நோய்க்குக் கூடுதலாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டவர் இவர் ஒருவர்தான் என்று சொல்லவும் வழியில்லை. மாஸ்கோவில் வேறொரு நோய்க்காகக் கருவின் நரம்பணுக்கள் செலுத்தப்பட்ட இஸ்ரேல் சிறுவன் ஒருவனுக்கும் அப்படியே கட்டி எழும்பியது என்று 2009-லேயே எழுதியிருந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2007-இல் வெளியிட்ட நெறிமுறைகளின் தலைப்பில் ஆராய்ச்சியோடு சிகிச்சையும் சேர்ந்திருந்தது. 2013-இல் திருத்தி வெளியிட்டபோது சிகிச்சையை எடுத்துவிட்டார்கள். ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றைத் தவிர, மற்றவை யாவும் முறையான பரிசோதனையாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கலாகாது என்பது அதன் சாரம். நெறிமுறை காகிதத்தில் இருக்கிறது. விளம்பரம் சுவரில் இருக்கிறது.

பச்சைக் குழந்தைகளின் கதை தொப்புள்கொடியில் தொடங்குகிறது. பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியோடு எறிந்துவிடும் ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் செறிந்திருப்பதை அறிந்து, 1988-இல் பாரிஸில் எலியான் க்ளூக்மன், பரம்பரை ரத்த நோயுள்ள ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு, அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிப் பிழைக்க வைத்தார். அந்த வெற்றியிலிருந்து பொதுவான ரத்தச் சேமிப்பு நிலையங்களும் பிறந்தன. உங்கள் குழந்தையின் கொடி ரத்தத்தை அதற்காகவே பாதுகாத்து வைக்கிறோம் என்று ஆண்டுக் கட்டணம் வாங்கும் தனியார் வங்கிகளும் பிறந்தன. சென்னை உட்பட நம் நகரங்களிலும் கருவுற்ற பெண்கள் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் வேளையில் இந்தத் துண்டுப் பிரசுரங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. தன் கொடி ரத்தத்தைத் தனக்கே பிற்காலத்தில் பயன்படுத்துவதற்கென்று சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று அதே ஆராய்ச்சிக் குழுமம் சொல்லியிருக்கிறது.

பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு இதுவரை பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை குளிர்ச்சிதான். உடல் வெப்பத்தை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருந்தால் மரணமும் ஊனமும் குறைகின்றன என்று 2005 முதல் மேல்நாட்டுப் பரிசோதனைகள் காட்டின. ஆனால் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளில் 408 குழந்தைகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், குளிர்வித்த குழந்தைகளிலேயே அதிகம் பேர் இறந்தார்கள் என்று 2021-இல் தெரியவந்தது. ஒரு தேசத்தில் உயிர் காத்தது மற்றொரு தேசத்தில் ஏன் கைவிட்டது என்பதைப் பற்றி இன்னும் விவாதிக்கிறார்கள். வட கரோலினாவின் டியூக் சர்வகலாசாலையில், குளிர்விக்கப்பட்ட 23 குழந்தைகளுக்கு அவரவர் கொடி ரத்த அணுக்களையே முதல் மூன்று நாட்களுக்குள் ஏற்றிப் பார்த்து, செய்யக்கூடியதுதான் என்று 2014-இல் எழுதினார்கள். அதையடுத்துத் தொடங்கிய பெரிய பரிசோதனை, போதுமான குழந்தைகள் சேராமையால் நடுவிலேயே நின்றுவிட்டது. நள்ளிரவில் எதிர்பாராமல் சிக்கலாகும் பிரசவத்தில், குழந்தையின் மூச்சுக்காக எல்லாக் கைகளும் போராடிக்கொண்டிருக்கும்போது, கொடி ரத்தத்தைச் சுத்தமாகச் சேகரித்து வைக்க மிஞ்சிய கை எது? சொந்த ரத்தம் என்ற எண்ணம் அழகானது. பிரசவ அறையின் நடைமுறைக்கு அது ஒத்துவரவில்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக் குழந்தை வைத்தியர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டினார்கள். மூக்கின் மேல்தளத்திலிருந்து மூளைக்கு வாசனை நரம்புகள் செல்லும் வழி இருக்கிறது. சுண்டெலிக் குட்டிகளின் மூக்கில் இட்ட ஸ்டெம் செல்கள் அவ்வழியே மூளைக்குள் புகுந்து, சேதமான இடத்தை நாடிச் செல்வதை முன்பே கண்டிருந்தார்கள். ஆரோக்கியமான அன்னியர் ஒருவரின் மஜ்ஜையிலிருந்து வளர்த்து உறைய வைத்த அணுக்கள் எப்போதும் தயாராக இருக்கும். குழந்தையின் கொடிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்த சில நாட்களில் மூளையின் தமனி அடைத்துப் பக்கவாதம் கண்ட பத்துக் குழந்தைகளுக்கு, நோய் வெளிப்பட்ட ஏழு நாட்களுக்குள், ஊசியும் மயக்க மருந்தும் இல்லாமல், நாசித் துவாரங்களில் 4.5 கோடியிலிருந்து 5 கோடி வரை அணுக்களைச் சொட்டு மருந்தாக விட்டார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் லேசான ஜுரம் வந்து தானே தணிந்தது. மூன்று மாதம் வரை கவனித்து, கெடுதல் எதுவும் இல்லை என்று 2022-இல் அறிவித்தார்கள். பிட்ஸ்பர்க்கில் தலையில் திருகிய சட்டத்தோடு தொடங்கிய முயற்சி இருபத்துநாலு ஆண்டுகளில் மூக்கில் விடும் சொட்டாகச் சுருங்கியிருப்பது, அணு மூளையின் இடத்தை நிரப்ப வேண்டியதில்லை, அருகே சென்று தன் வேலையைச் செய்துவிட்டுக் கரைந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டதன் நேர்விளைவு.

பத்துக் குழந்தைகளைக் கொண்டு பலனைச் சொல்ல முடியாது, அவர்களும் சொல்லவில்லை. அடுத்ததாக அதே உட்ரெக்ட் குழுவினர் குலுக்கல் முறையில் ஒரு பரிசோதனையை வகுத்திருக்கிறார்கள். சில குழந்தைகளின் மூக்கில் அணுக்கள் கலந்த சொட்டு விழும், மற்றவற்றின் மூக்கில் அணு இல்லாத வெறும் திரவம் விழும். எதில் எது இருந்தது என்பது பெற்றோருக்கும் தெரியாது, பரிசோதிக்கும் வைத்தியருக்கும் தெரியாது. கையை நீட்டிப் பொருளை எடுப்பதும், எழுந்து நடப்பதும், பேச்சு வருவதும் எந்தக் குழுவில் மேலாக இருக்கின்றன என்று பார்க்க, அந்தக் குழந்தைகள் அந்தப் பருவத்தை அடையும் வரையில் காத்திருந்தே ஆக வேண்டும்.